அலிபிரி மோர் மேஜை

போன வாரம் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், தன் பழைய மேஜையில் நாம் போட்ட ஒட்டு வெளியே தெரிகிறது என்று கோபித்துக்கொண்டு போனார். கறுத்த வேங்கையில் வெளிறிய வேப்பந்துண்டை வைத்தால் தெரியத்தான் செய்யும். அவர் போன பிறகு உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, சாயம் பூசி மறைத்திருக்கலாமே, நமக்கு வராத வேலையா என்று கேட்டார். இந்தப் பட்டறையில் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். கிழவனுக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பீர்கள். பிடிவாதம்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேரில் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன்.

நான் திருப்பதியில் சரித்திரம் படித்து எம்.ஏ. வாங்கியவன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அலைந்து ஓய்ந்த பிறகு, ரேணிகுண்டா சாலையில் பழைய மரச்சாமான் ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் சேர்ந்தேன். நாடு கதவைத் திறந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் திறந்தவை பழைய வீடுகளின் கதவுகள். இரும்பு பீரோவும் பிளாஸ்டிக் நாற்காலியும் உள்ளே போயின. மர மேஜையும் பெட்டியும் வெளியே வந்தன. இளைஞர்கள் மெட்ராஸுக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். அவர்கள் வீட்டுச் சாமான்கள் எங்கள் கிடங்கு வழியாகக் கப்பல் ஏறின. எது போகலாம், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

கிராமங்களைத் துடைத்து வழித்துக்கொண்டு போனவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதுகிறார்கள். அதற்கு நான் தலைகுனியப் போவதில்லை. சித்தூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற அடுப்புகளில் அந்தக் காலத்தில் எத்தனை மேஜைக்கால்கள் எரிந்தன என்பதை எழுதுகிறவர்கள் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். கால் எரிந்துகொண்டிருக்கும்போதே அடுப்பிலிருந்து இழுத்து அணைத்து வாங்கி வந்திருக்கிறேன். நாங்கள் வாங்கியிராவிட்டால் அவற்றில் முக்கால்வாசி சாம்பலாகியிருக்கும். தொழிலுக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு.

அதற்கு முன், எனக்குத் திமிர் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். நகரியில் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து புடவை மடிக்கும் நீள மேஜை ஒன்று வந்தது. கைத்தறியை எடுத்துவிட்டு விசைத்தறி போட்டிருந்தார்கள், மேஜைக்கு இடமில்லை. அதன் ஓரத்தில் கெஜக் கணக்குக்காகப் பித்தளை ஆணி வரிசையாக அடித்திருந்தது. ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்து அனுப்பச் சொன்னார் முதலாளி. நான் முடியாது என்றேன். அந்த ஆணியை விட்டால் அது வெறும் பலகை என்று வாதாடினேன். வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் அந்த ஆணிகளைத்தான் விரலால் தடவித் தடவிப் பார்த்தார், அதற்காகவே வாங்கினார். அன்றிலிருந்து கிடங்கில் என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நான் சொன்னால் சரி. பிறகு எனக்கே அப்படித் தோன்ற ஆரம்பித்தது. உங்களில் யாருக்காவது அப்படித் தோன்ற ஆரம்பித்தால், சில நாள் யாரிடமாவது திட்டு வாங்குங்கள்.

பாலசமுத்திரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். பேர் வேண்டாம். முன்பு சொந்த நிலமே இல்லாமல் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து, பிற்பாடு கொஞ்சம் நிலம் கிடைத்துப் பயிர் வைத்தவர்களின் தெரு. அங்கே முனிரத்தினம் என்பவர் ஒரு மேஜை இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

நான் வேனில் போனபோது உச்சிவேளை. பெரியவர்கள் எல்லோரும் வேர்க்கடலை பிடுங்கப் போயிருந்தார்கள். முனிரத்தினத்தின் வீட்டில் மேல்பலகை மட்டும்தான் இருந்தது. ஒரே வேங்கை மரத்தில் அறுத்த கனமான பலகை. அடியில் வாச்சியால் செதுக்கிய தடம் ஆற்று மணலில் காற்று போட்ட வரிபோல இருந்தது. கால்கள் எங்கே என்று கேட்டேன். இதோ என்று போனவர், ஒரு வீட்டிலிருந்து ஒரு காலும் எதிர்வீட்டிலிருந்து இன்னொன்றும் தெருக்கோடியிலிருந்து மற்றொன்றும், கூடவே மர முளைகள் கட்டிய ஒரு சிறு மூட்டையுமாகக் கொண்டுவந்தார். பரணில் இடமில்லை, அங்கங்கே போட்டு வைத்திருக்கிறோம் என்றார். கடைசிக் காலை ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு தானே தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் அடியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது.

"ரிப்பேரு முடிஞ்சி எப்போ வரும் மாமா?" என்று அவள் முனிரத்தினத்தைக் கேட்டாள்.

"வந்துடும், வந்துடும். நீ உள்ள போ."

இது என் காதில் விழுந்தது. விழவே இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுந்தது.

கால்களைப் பார்த்தேன். ஒன்று அடுப்புப்புகை ஏறிக் கறுத்திருந்தது. ஒன்று வெயிலில் வெளுத்திருந்தது. ஒன்றில் சுண்ணாம்பு தெறித்திருந்தது. நான்காவதில் அந்த மஞ்சள். நான்கு நிறம். எனக்குப் பாடமாகத் தெரிந்த விஷயம்: வேறுவேறு மேஜைகளிலிருந்து கால் பொறுக்கி ஒரு பலகையின் கீழே மாட்டி, பழைய மேஜை என்று விற்கிறவர்கள் உண்டு. இதுவும் அந்த ரகம் என்று முடிவு கட்டினேன். போதாக்குறைக்குக் கால்கள் அசாத்திய உயரம். மேல்பலகை என் நெஞ்சுக்கு வரும்போல இருந்தது. இந்த உயரத்தில் எவன் உட்கார்ந்து சாப்பிடுவான், எவன் எழுதுவான் என்று சிரித்துக்கொண்டேன்.

கிடங்குக்கு வந்ததும் தச்சர் நான்கு கால்களையும் பலகையில் பொருத்திப் பார்த்தார். ஒவ்வொரு காலின் தலையிலும் செதுக்கிய நாக்கு, அதற்குரிய துளையில் காகிதம் நுழையாதபடி இறங்கியது. காலை மாற்றிப் போட்டால் இறங்கவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு மேஜையின் கால் இப்படி உட்காராது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். பொருத்தம் கண்ணெதிரே இருக்க, நான் நிறத்தை நம்பினேன். அப்போது சோபாவுக்கு முன்னால் போடும் குட்டை மேஜைகளுக்குத்தான் கிராக்கி. முட்டி உயரத்துக்கு அறுக்கச் சொன்னேன்.

தச்சர் தெலுங்குக்காரர். ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டு, "கட் சேயாலா சார்?" என்று ஒருமுறை கேட்டார். ஆமாம், வெட்டு என்றேன். கழற்றக்கூடிய மர முளைகளை எடுத்துவிட்டுத் திருகாணி போட்டு, நான்கு கால்களுக்கும் ஒரே சாயமாகப் பூசினோம். அறுத்த துண்டுகள் வாசல் பக்கம் விறகுக் குவியலில் விழுந்தன.

சாமான் ஏற்றும் நாள் வந்தது. கன்டெய்னர் லாரி முற்றத்தில் நின்றது. வாங்கியவர் வந்திருந்தார், முதலாளி அவரோடு அறையில் இருந்தார். மேஜைகளை அட்டையும் காகிதமும் சுற்றி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது ஐந்தாறு பேர் கிடங்குக்குள் வந்தார்கள். முன்னால் வந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பேர் கன்னியம்மா என்றும், பாலசமுத்திரத்துப் பக்கமிருந்து வருவதாகவும் சொன்னார். மஞ்சள் பூசிய காலைக் கொண்டுவந்து கொடுத்த பெண் அவர் மருமகள்.

அவர் சத்தம் போடவில்லை. விஷயத்தை வரிசையாகச் சொன்னார். அந்த மேஜை முனிரத்தினத்துடையது இல்லை, தெருவினுடையது. வருடா வருடம் புரட்டாசியில் அதை வண்டியில் ஏற்றி, திருமலை அடிவாரத்தில் இருக்கும் அலிபிரிக்குக் கொண்டுபோவார்கள். மலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு அதன்மேல் பானை வைத்து மோர் கொடுப்பார்கள். திரும்பியதும் மேஜையைக் கழற்றி, பலகை ஒரு வீட்டில், கால்கள் நாலு வீட்டில், முளைகள் ஒரு வீட்டில் என்று பிரித்துவிடுவார்கள். எந்த வீடும் இது என்னுடையது என்று சொல்லக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. போன வருடம் பாதிப்பேர் வெளியூர் போய்விட்டதால் போகவில்லை. இந்த வருடம் எல்லோரும் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள். இந்தப் புரட்டாசியும் போகாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். ஏதோ ஒரு டிரஸ்ட்காரர்கள் அங்கே பேனர் கட்டுவதற்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு வீட்டில் இருந்த நான்கு கால்கள். ஒன்றில் அடுப்புப்புகை, ஒன்றில் வெயில், ஒன்றில் சுண்ணாம்பு, ஒன்றில் சாமி மூலையின் மஞ்சள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் கற்ற சரித்திரத்தில் எந்த இடத்திலும் இவ்வளவு தெளிவாக ஒரு சாட்சி என் முன்னால் வந்து நின்றதில்லை. அதை நான் போலி என்று சொல்லி அறுத்திருந்தேன்.

முதலாளி அறைவாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தார். "வாள்ளனி பம்பிச்சேய்," என்றார் என்னிடம். அவர்களை அனுப்பிவிடு. அந்த அம்மாளுக்கும் தெலுங்கு புரியும். ஆனால் அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மேஜை போயிடுச்சும்மா," என்றேன். "போன வாரமே கப்பல்ல ஏத்தியாச்சு."

மேஜை எனக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், காகிதம் சுற்றி நின்றது.

அவர் திரும்பினார். கூட வந்தவர்களும் திரும்பினார்கள். வாசலைத் தாண்டும்போது விறகுக் குவியலருகே நின்றார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். அடியில் மஞ்சள் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார்.

"மேஜ போயிட்ச்சின்றீங்க. காலு மட்டும் எப்டி சார் இங்க கீது?"

பக்கத்தில் நின்ற தச்சர் தரையைப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவர், "படிச்சவருதானே இவரு?" என்று இன்னொருவரிடம் கேட்டார். திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

நான் திரும்பிச் சுமை ஆட்களிடம் அந்த மேஜையைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, கணக்கு முடிந்த சாமானைத் தொடாதே என்றார். இது தெருவுடைய மேஜை, விற்றவருக்கு விற்க உரிமை இல்லை, எனக்கு அது வாங்கும்போதே தெரிந்திருக்கவேண்டும் என்றேன். அந்த மேஜையோடு நீயும் வெளியே போ என்றார். போகிறேன் என்றேன். வாங்க வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை.

இதை நான் துணிச்சல் என்று உங்களிடம் விற்க விரும்பவில்லை. மனசாட்சி சொல்லியிருந்தால் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் பிடிபட்டேன். பிடிபட்ட பிறகு சரியாக நடந்துகொண்டேன். இரண்டுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

காகிதத்தைக் கிழித்தார்கள். தங்கள் மேஜை முட்டி உயரத்தில் நிற்பதை அப்போதுதான் அவர்கள் பார்த்தார்கள். கன்னியம்மா மேஜையை ஒருமுறை சுற்றி வந்தார். தன் நெஞ்சுக்கு நேராகக் காற்றில் கையை வைத்தார். அங்கே பலகை இருந்திருக்க வேண்டும். பிறகு கையைக் கீழே விட்டார்.

அப்போதுதான் அந்த உயரத்தின் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா காலத்தில் ஊரில் இவர்கள் தெருவில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அலிபிரியில் யார் எவர் என்று எவரும் கேட்பதில்லை என்று தெரிந்து, அங்கே போய் மோர் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் வருடம் பானையைத் தரையில் வைத்து உட்கார்ந்துகொண்டு கொடுத்தார்கள். வாங்கினவர்கள் பிச்சைக்காரர்களைப் பார்ப்பதுபோல மேலேயிருந்து பார்த்தார்கள். சிலர் தம்ளருக்குப் பக்கத்தில் சில்லறை போட்டார்கள். திரும்பி வந்ததும் அவருடைய அப்பா, வண்டி செய்கிற ஆசாரியிடம் போய் நெஞ்சு உயரத்துக்கு மேஜை செய்யச் சொன்னார். அந்த ஆசாரி அவர்கள் தெருவுக்கு வரமாட்டார். தன் கொட்டகையிலேயே செய்து வெளியே எடுத்து வைத்தார். மறு வருடத்திலிருந்து நின்றுகொண்டு, கண்ணுக்கு நேர் கண் பார்த்துக் கொடுத்தார்கள். சில்லறை நின்றுபோனது.

எவன் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று நான் சிரித்த உயரம் அது.

"காலை மறுபடி சேர்த்துடலாம்மா," என்றேன். "துண்டு இருக்கு. ஒட்டின இடமே தெரியாம பண்ணித் தரேன். நானே கூலி குடுத்துடறேன்."

கூட வந்தவர்களில் சிலருக்கு அது சரியென்று பட்டது. கன்னியம்மா வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"தெரியாம பண்ணிட்டா ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும் சார். நடந்திச்சி இல்ல?"

பங்காளி ஒருவர், அப்படியென்றால் அலிபிரியில் எதன்மேல் பானையை வைப்பது என்று கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கன்னியம்மா சொல்லிவிட்டார். நான்கு துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டார்கள். வேன் ஏற்பாடு செய்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார்கள். மேஜையைத் தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பேர் தோளில் வைத்துக்கொண்டு ரேணிகுண்டா சாலையில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள். சாயம் பூசிய குட்டைக் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயின.

நான் அந்த வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. கொஞ்ச காலம் கழித்து, "கட் சேயாலா" என்று கேட்ட அதே தச்சரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பட்டறையை ஆரம்பித்தேன். உடைந்த சாமானைச் சரிசெய்வோம், உடைந்ததை மறைக்க மாட்டோம் என்பது முதல் நாளே பேசி முடித்தது. ஒட்டு வேறு நிறத்தில் இருக்கும். கை வைத்தால் தட்டுப்படும். இதனால் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெங்களூர்க்காரர் கடைசி ஆள் இல்லை. போகட்டும். ஒரு மேஜைக்கு நடந்தது என்னவென்று அதைப் பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது என்று விரும்புகிறவர், அதை நம்மிடம் கொண்டுவர வேண்டாம். நான் போன பிறகு நீங்கள் இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். நான் இருக்கும்வரை சாய டப்பா இந்த வாசலைத் தாண்டி உள்ளே வராது.

உங்களுக்குத் தொழிலாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பொருத்தம் ஒன்று சொல்லி, நிறம் வேறொன்று சொன்னால் பொருத்தத்தை நம்புங்கள். ஒரு சாமானின் அளவு விநோதமாகப் பட்டால், செய்தவன் தவறிவிட்டான் என்று நினைப்பதற்கு முன், அதன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று விசாரியுங்கள். காதில் விழுந்ததை விழவில்லை என்று சொல்லாதீர்கள். ரம்பத்தைக் கையில் எடுத்தவர் ஒருமுறை கேட்டால், அவர் இரண்டாவது முறை கேட்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் புரட்டாசியில் நான் அலிபிரிக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, வேலையும் இல்லாதவன் என்பதால் போனேன். நடைபாதை ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால், மர நிழலில் அவர்கள் இருந்தார்கள். திருப்பூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த பிள்ளைகள் பேன்ட் போட்டுக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார்கள். முனிரத்தினமும் வந்திருந்தார், அவரைத் தம்ளர் கழுவ வைத்திருந்தார்கள். யாரும் அவரிடம் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

மேஜை அறுத்த உயரத்திலேயே இருந்தது. அடியில் செங்கல்கூட வைக்கவில்லை. கன்னியம்மா அதற்குப் பின்னால் ஒரு புது சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பிடிகளில் கை வைத்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு நாற்காலிகள். அவற்றில் அவர் தெருப் பெண்கள். மலைக்குப் போகிறவர்கள் வரிசையாக வந்து, முட்டி உயர மேஜைக்கு முன்னால் முதுகை வளைத்து, தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்கள். பட்டு வேட்டிக்காரர்களும் வளைந்தார்கள். நெற்றி நிறைய நாமம் போட்டவர்களும் வளைந்தார்கள்.

கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டார். நான் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் ஒரு தம்ளரில் மோர் ஊற்றி மேஜைமேல் வைத்தார்.

"எங்க நைனா நின்னுக்கினு குடுத்தாரு சார்," என்றார். "நான் குந்திக்கினு குடுக்கறேன். வாங்கறவங்க குனியட்டும்."

குனிந்து எடுத்துக்கொண்டேன். மோரில் உப்பு தூக்கலாக இருந்தது. பின்னால் நின்றவர் நகரச் சொன்னார், நகர்ந்தேன்.